அடி தூக்கிய வண்டி

சக்கரத்தைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாக மனித குலம் செய்த மகத்தான காரியம் எது என்று யாராவது கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். வண்டிக்கும் தரைக்கும் நடுவில் நாலு விரல்கடைக் காற்றை அதிகமாக வைத்ததுதான். அந்தக் காற்றுக்குத் தனியாக விலை போட்டு விற்றது அதைவிட மகத்தான காரியம். இரண்டும் எங்கள் திருவனந்தபுரத்தில், கழக்கூட்டத்தில், ஹைவே ஓரத்து ஷோரூம் ஒன்றில் என் கண் முன்னால் நடந்தன. அந்த ஷோரூமுக்குத் தரை ஓடு பதித்த எட்டுப் பேரில் நானும் ஒருவன். ஆகவே இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு.

வண்டியின் பெயர் 'ஹில்லாரா எக்ஸ்'. மலையை வென்றவன் என்று அர்த்தமாம். எங்கள் வாயில் அது 'சில்லறை' என்றுதான் வந்தது. எக்ஸ் எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. கணக்கில் தெரியாததற்குத்தான் எக்ஸ் போடுவார்களாம்.

நாகர்கோவில் பக்கத்திலிருந்து வாங்க வருகிறவர்களுக்காக விளம்பரத் தாளைத் தமிழிலும் அடித்திருந்தார்கள். நான் நாற்பது தாண்டிய பிறகு, சாட்சரதை என்கிற முதியோர் கல்வி வகுப்பின் சின்ன பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்து எழுத்துப் படித்தவன். கையில் கிடைத்ததையெல்லாம் வாய்விட்டு வாசிப்பது எனக்குப் பிடித்துக்கொண்ட வியாதி. சோற்று நேரத்தில் எல்லோரும் வண்டியைச் சுற்றி உட்காருவோம். நான் வாசிப்பேன். மார்த்தாண்டத்துக்காரன் செல்வின் வியாக்கியானம் செய்வான்.

"'காட்டின் முரட்டுத்தனம், நகரத்தின் நளினம்'" என்று வாசித்தேன்.

முரட்டுத்தனம் எங்கே என்று தேடினோம். வண்டியின் கீழ்ப்பாகத்தைச் சுற்றிக் கறுப்புப் பிளாஸ்டிக் ஒட்டியிருந்தது. சேற்றில் போகிற வண்டிக்குச் சேறு அப்புகிற இடம் அது. இந்த வண்டி சேற்றில் போகப் போவதில்லை. அதனால் சேற்றுக்குப் பதில் பிளாஸ்டிக்கை அப்பிக் கொடுத்துவிட்டார்கள். வாங்குகிறவருக்கு எவ்வளவு அலைச்சல் மிச்சம்! முன்பக்கத்து அடியில் வெள்ளி நிறத்தில் ஒரு தகடு. பாறையில் மோதினால் எஞ்சினைக் காப்பாற்றுமாம். செல்வின் அதை நகத்தால் சுண்டினான்.

"எண்ணே, இது நம்ம பக்கெட்டுக்குச் சொந்தக்காரன்லா."

கூரையில் சாமான் கட்ட இரண்டு கம்பிகள். அவற்றில் எதையும் கட்டக் கூடாது என்று கதவின் உள்பக்கம் ஒரு சீட்டு. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் திசைகாட்டி ஒன்று. கழக்கூட்டத்திலிருந்து கிழக்கேகோட்டைக்குப் போகிறவர் கிழக்கு எது என்று தெரியாமல் தவிக்கக் கூடாதல்லவா? நான்கு சக்கரங்களில் முன்னால் உள்ள இரண்டுக்கு மட்டும்தான் இழுக்கிற வேலை. பின்னால் உள்ளவை கூடவே வருபவை. ஏதோ ஆபீஸைப் பார்த்து வடிவமைத்திருக்கிறார்கள்.

"இது என்ன வகை வண்டிண்ணே? ஜீப்பா, காரா?" என்று கேட்டான் லிங்கம். எங்களில் கொஞ்சம் பேசுகிறவன் அவன்.

"'எஸ்.யூ.வி. தோற்றம் கொண்ட காம்பாக்ட் கிராஸ்ஓவர்'னு போட்டிருக்கு."

"எஸ்.யூ.வி.ன்னா சும்மா உசத்தின வண்டி" என்றான் செல்வின். "கிராஸ்ஓவர் எனக்குத் தெரியும். சர்ச்சுல சொல்லித்தந்த இங்கிலீஷ். கிராஸ்னா சிலுவை. ஓவர்னா மேல. யாரு தோளு மேலன்னு மட்டும் எழுத விட்டுட்டானுவ."

சிரித்தோம். தீர்க்கதரிசனங்கள் எல்லாம் முதலில் சிரிப்பாகத்தான் வரும்போலிருக்கிறது.

ஷோரூமின் அதிபதி பிரஜின் சார். ஏரியா சேல்ஸ் மேனேஜர். கழுத்தில் டை, காதில் போன், முகத்தில் எப்போதும் யாரையோ வரவேற்கும் சிரிப்பு. மலையாளி. எங்களோடு பேசும்போது தமிழில் பேசுவதுதான் மரியாதை என்று நம்பிய நல்ல மனிதர். நாங்கள் அவரைவிட நன்றாக மலையாளம் பேசுவோம் என்று சொல்லி அவர் மனதைப் புண்படுத்த எங்களுக்கு இஷ்டமில்லை. அவருடைய தமிழ், மலையாளத்தைச் சுற்றிக் கறுப்புப் பிளாஸ்டிக் ஒட்டியது போல இருக்கும். அதுவும் ஒரு கிராஸ்ஓவர்தான்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தமிழில் தூக்கு என்றால் தூக்குவது. திருவனந்தபுரத்து மலையாளத்தில் தூக்கு என்றால் பெருக்குவது. முற்றம் தூக்கணும், அறை தூக்கணும் என்றால் எல்லாம் துடைப்ப வேலை. இந்த ஊரில் கூலிக்கு நிற்கிற தமிழன் எவனுக்கும் இது தெரியும். மலையாளத்தில் சொன்னால் துடைப்பத்தை எடுப்போம். தமிழில் சொன்னால் முதுகை வளைப்போம். இதுவரை குழப்பம் வந்ததில்லை. பிரஜின் சார் தமிழ் பேசும்வரை.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள், வாசலில் நின்றபடியே போனைக் கையால் மூடிக்கொண்டு சொன்னார்: "அண்ணாச்சிமாரே, நாளெ ஃபங்ஷன். வண்டிக்கு அடி நல்லா தூக்கணும். கேட்டீங்களா?"

சொல்லிவிட்டுப் பேசிக்கொண்டே போய்விட்டார்.

"அடியைத் தூக்கணுமா?" என்றான் லிங்கம்.

"தாளில் போட்டிருக்குல்லா, அடி உசந்த வண்டின்னு" என்றான் செல்வின். "வந்து பார்த்திருப்பான். உசரம் பத்தலேன்னு தோணியிருக்கும்."

தமிழில் சொன்ன கட்டளை. எட்டுப் பேரும் குனிந்தோம். "ஏலேலோ" என்று ஒரு மூச்சு. வண்டி வந்துவிட்டது. மலையை வென்றவன் அவ்வளவு லேசாக இருப்பான் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. மழையில் நனைந்த நாயைத் தூக்கினால் கால்கள் தொங்குவது போல நான்கு சக்கரங்களும் தொங்கின. பிரஜின் சார் திரும்பி வந்தார். கையிலிருந்த போன் கீழே விழுந்தது.

"அய்யோ! எந்தாணு இது!"

"அடி தூக்கியாச்சு சார்" என்றேன் மூச்சைப் பிடித்துக்கொண்டு. "எவ்வளவு நேரம் பிடிக்கணும்?"

அவர் சொன்னது வண்டிக்கு அடியில் பெருக்கச் சொல்லி. வண்டியை இறக்கிவைத்துத் துடைப்பம் எடுத்தோம். அவர் திட்டவில்லை. எங்களை ஒரு தடவை பார்த்தார், வண்டியை ஒரு தடவை பார்த்தார். பெரிய கண்டுபிடிப்புகள் நடக்கும்போது முகம் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது.

மறுநாள் விழாவில் பத்திரிகைக்காரர் ஒருவர், வண்டி மலை ஏறுமா என்று கேட்டுவிட்டார். அதைப் பற்றி விவாதிக்க மாடியில் கூட்டம். டீ கொண்டுபோனவன் லிங்கம் என்பதால் நடந்ததெல்லாம் எங்களுக்கு வந்து சேர்ந்தது.

"ஏறும்னு நம்ம எங்கேயும் எழுதலியே" என்றாராம் ஒருவர். "ஏறுகிற மாதிரி இருக்கும்னுதானே எழுதியிருக்கு?"

"அப்போ ஏறின மாதிரி ஒரு போட்டோ இருந்தா மதி, போதும்" என்றாராம் இன்னொருவர்.

அதற்குப் பிரஜின் சார் எழுந்து நின்று, "எனிக்கு எட்டு அண்ணாச்சிமார் உண்டு" என்றாராம். கைதட்டல் கேட்டது என்று லிங்கம் சத்தியம் செய்தான்.

இவ்வாறு 'மலை வெற்றித் திட்டம்' பிறந்தது. வண்டி மோசமான ஒரு மலைப்பாதையில் ஏறும். ஏறாத இடத்தில் நாங்கள் ஏற்றுவோம். உச்சியில் படம் எடுப்பார்கள். எங்களுக்குப் பதவியும் கொடுத்தார்கள்: 'கிரவுண்ட் கிளியரன்ஸ் ஸ்டாஃப்'. வண்டிக்கு அடியில் இருக்கும் அந்தக் காற்றுக்கு இங்கிலீஷில் கிரவுண்ட் கிளியரன்ஸ் என்று பெயராம். இருபது வருஷம் மண்ணும் கல்லும் சுமந்ததற்கு யாரும் எனக்கு ஒரு பெயர் வைத்ததில்லை. பச்சை நிறத்தில் ஆளுக்கொரு பனியனும் கிடைத்தது. தேயிலைச் செடிக்குள் குனிந்தால் படத்தில் தெரியக் கூடாது என்பதற்காக அந்த நிறம்.

எந்த மலை என்று கேட்டபோது நான் முந்திக்கொண்டேன். போனக்காடு தாண்டிப் பேய்ப்பாறை எஸ்டேட். நான் பிறந்த இடம். தேயிலைக் கம்பெனி கைவிட்டதும் ஆண்பிள்ளைகள் எல்லாம் கூலிக்கு நகரத்துக்கு இறங்கிவிட்டோம். லயத்து வரிசை வீடுகளில் மிச்சம் இருப்பது பெண்களும் வயசானவர்களும்தான். என் அக்கா மாடம்மாள் அங்கேதான் இருந்தாள். மழையில் சரிவில் வழுக்கி விழுந்து அவளுக்குத் தொடை எலும்பு முறிந்திருந்தது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தார்கள். கால் வீங்கி நிறம் மாறுகிறது, சீக்கிரம் வா என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அந்தப் பாதைக்கு ஜீப்பே வர மாட்டேன் என்றது. ஆள் சேர்த்துக்கொண்டு போகலாம் என்று கேட்டால், விழா முடியும்வரை லீவு கிடையாது என்றிருந்தார் எங்கள் மேஸ்திரி. இப்போது எட்டு ஆள், ஒரு புது வண்டி, அக்காவின் வாசல்வரை, எல்லாம் கம்பெனியே தருகிறது. தெய்வம் பெயருக்குப் பின்னால் எக்ஸ் போட்டுக்கொண்டு வந்ததுபோல் இருந்தது.

பிரஜின் சாரிடம் விஷயத்தைச் சொன்னேன். "திரும்பி வரும்போது பின் சீட்டில் அக்காவைக் கொண்டுவரலாமா சார்?"

"நோக்காம்" என்றார்.

நோக்காம் என்றால் பார்க்கலாம். மலையாளத்தில் அது ஒரு முழு வாக்கியம். ஆமாமும் இல்லையும் அதற்குள் ஒரே பாயில் படுத்திருக்கும். எது முதலில் எழுந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. எனக்கு ஆமாம் புரண்டு படுத்த சத்தம் கேட்டது போலிருந்தது.

வெற்றி யாத்திரை பழவங்காடிப் பிள்ளையாரிடமிருந்து புறப்பட்டது. முதல் வண்டியை வாங்கியவர் மஹேஷ் சார். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி அதிகாரி. வீட்டிலிருந்து ஆபீஸுக்கு நடந்தால் வேர்க்காத தூரம். அதற்கு மலை ஏறுகிற வண்டி வாங்கிய துணிச்சலைக் கம்பெனி பாராட்டி, அவரையே ஓட்டச் சொல்லியிருந்தது. கூடவே அவர் அப்பா பஞ்சாபகேசன். கோட்டைக்குள் அக்ரஹாரத்து வீடு. அக்கவுண்ட்ஸ் ஆபீஸில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தமிழ், மலையாளம், இங்கிலீஷ், சமஸ்கிருதம் நாலிலும் திருத்துவார். பின் சீட்டில் பிரஜின் சாரும் கம்பெனி அனுப்பிய போட்டோக்காரரும்.

முன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மஹேஷ் சார் மெதுவாக ஏற்றினார். பழம் நசுங்கியது.

"ஏறிடுத்து பாத்தியோ!" என்றார் பஞ்சாபகேசன். "இனிமே மலையும் ஏறிடும்."

பழவங்காடியில் தேங்காயை உடைப்பதில்லை, எறிவார்கள். யாரோ எறிந்த தேங்காயின் சில்லு ஒன்று தெறித்து வந்து, எஞ்சினைப் பாறையிலிருந்து காக்கும் வெள்ளித் தகட்டில் பட்டது. தகடு குறுக்கே கீறிவிட்டது. எல்லோரும் பிரஜின் சாரைப் பார்த்தார்கள்.

"பிரச்னமில்லா" என்றார் அவர். "பாறைக்குத்தான் கேரண்டி. தேங்காய்க்குக் கிடையாது."

போனக்காடு வரைக்கும் வண்டி தானாகவே ஏறியது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. தார் ரோட்டில் அதற்கு நிகரில்லை. நாங்கள் பின்னால் ஒரு பிக்கப்பில் வந்தோம். போனக்காட்டில் பிக்கப் நின்றுவிட்டது. அதற்கு மேல் வர முடியாது என்று டிரைவர் சொன்னார். பிக்கப்புக்குப் பெயரில் எக்ஸ் கிடையாது. ஆகவே அது உண்மையைச் சொல்லலாம்.

அப்புறம் தொடங்கியது பேய்ப்பாறை ரோடு. ரோடு என்பதை ஒரு மரியாதைக்காகச் சொல்கிறேன். முதல் வளைவிலேயே ஹில்லாரா வயிற்றைக் கல்லில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. பிரஜின் சார் விசில் ஊதினார். கிரவுண்ட் கிளியரன்ஸ் ஓடிவந்து குழிக்குள் இறங்கியது.

"சார், இறங்கிக்கிட்டா கொஞ்சம் லேசா இருக்கும்" என்றேன்.

"ஸ்டியரிங்கை யாராவது பிடிக்கணுமே, அண்ணாச்சி" என்றார் மஹேஷ் சார், கண்ணாடியை ஒரு விரல் இறக்கி. ஏ.சி. காற்று வீணாகக் கூடாது.

"நான் இறங்கினா அட்டை கடிக்கும்பா" என்றார் பஞ்சாபகேசன். "நீங்கள்ளாம் பழகினவா."

பிரஜின் சார் மேற்பார்வை செய்ய வேண்டியிருந்ததால் இறங்கவில்லை. மேற்பார்வை மேலேயிருந்துதானே செய்ய வேண்டும்? போட்டோக்காரர் ஒருவர்தான் இறங்கினார். அவரும் எங்கள் கைகள் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்வதற்கு.

முன்னால் தூக்கி ஒரு கல் வைத்தோம். பின்னால் தூக்கி ஒரு கல் வைத்தோம். இப்படியே வளைவு வளைவாக மலையை வென்றோம். ஒரு இடத்தில் ரோடே இல்லை. மழை அடித்துக்கொண்டு போயிருந்தது. அங்கே வண்டியை மொத்தமாகத் தூக்கிக்கொண்டு, இடுப்பளவு சேற்றில் அடிமேல் அடி வைத்துக் கடந்தோம். என் தலைக்கு மேல், கண்ணாடிக்குள்ளிருந்து மஹேஷ் சார் குரல் கேட்டது.

"அப்பா, சஸ்பென்ஷன் பாத்தேளா? குழியே தெரியலை!"

"தெரியாது சார்" என்றான் செல்வின் கீழேயிருந்து. "குழில நாங்கதான நிக்கோம்."

உச்சியில் எங்கள் லயத்து முற்றம். அங்கே நின்றால் கீழே மலை மலையாக மடிந்து கிடப்பது தெரியும். படத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது என்று போட்டோக்காரர் பரவசப்பட்டார். முற்றத்தின் நடுவில் கயிற்றுக் கட்டிலில் அக்கா படுத்திருந்தாள். வண்டி வருகிறது என்று நான் சொல்லி அனுப்பியிருந்ததால் பெண்கள் காலையிலேயே அவளை வெளியே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். துவைத்த சேலை, எண்ணெய் போட்டு வாரிய தலை, பக்கத்தில் துணி மூட்டை. கால் மட்டும் அவளுடையது போல இல்லை. முழங்காலுக்கு மேலே பளபளவென்று வீங்கி, கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

அவள் வண்டியை மேலும் கீழும் பார்த்தாள்.

"லே சொரிமுத்து, இதுவா நீ சொன்ன வண்டி? எந் டிரங்குப் பெட்டி இதைவிடப் பெருசுல்லா."

நான் பிரஜின் சாரிடம் போனேன். பின் சீட்டை மடக்கினால் ஒரு ஆள் நீட்டிப் படுக்க இடம் வரும் என்று தாளில் நானே வாசித்திருக்கிறேன். அதைச் சொன்னேன்.

"மடக்கலாம்" என்றார். "மடக்கினா நாங்க எவிடெ இரிக்கும்?"

"பிக்கப் நிக்கிற இடம் வரைக்கும் நடந்தா போதும் சார். இறக்கம்தானே."

அவர் தன் ஷூவைப் பார்த்தார். போட்டோக்காரர் அவருடைய ஷூவைப் பார்த்தார். பனியன் போட்டவன் நடந்தால் அதற்குப் பெயர் கிரவுண்ட் கிளியரன்ஸ். ஷூ போட்டவர் நடந்தால் அதற்குக் கம்பெனியில் பெயர் வைக்கவில்லை.

"ஐ ஃபீல் வெரி பேட், அண்ணாச்சி" என்றார் மஹேஷ் சார். நிஜமாகவே வருத்தப்பட்டார். அதை நான் பார்த்தேன். "சீட்டுக்கு பிளாஸ்டிக் கவர்கூட இன்னும் பிரிக்கலை. நாள் பாத்துத்தான் பிரிக்கணும்னு அப்பா..."

"புது வண்டியோன்னோ" என்றார் பஞ்சாபகேசன். "முதல் சவாரியே ஆஸ்பத்திரிக்கான்னு ஒரு யோசனை. தப்பா நெனச்சுக்காதேம்மா. காலை மடக்கி ஓரமா உக்கார முடியுமோ?"

"காலை மடக்க முடிஞ்சா உங்க வண்டி எதுக்கு சாமி?" என்றாள் அக்கா. "நானே நடந்து போயிருப்பேன்லா."

"மேல கம்பி இருக்கே சார், அதுல கட்டிலைக் கட்டினா?" என்றான் செல்வின்.

"அது ஸ்டைலுக்கு!" என்று பதறினார் பிரஜின் சார். "பசை போட்டு ஒட்டினது. நோக்காம், நோக்காம். ஆத்யம் போட்டோ."

ஆத்யம் என்றால் முதலில். எனக்குள் ஆமாம் எழுந்து, பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது.

வண்டியின் மூக்கை மலைகளைப் பார்த்து நிறுத்தினார்கள். பிளாஸ்டிக் சேற்றின் மேல் அசல் சேறு பட்டிருந்ததைத் துணியால் துடைத்தார்கள். அசல் சேறு பொருந்தவில்லை. பிறகு போட்டோக்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பின்னாலே சருகு, சுள்ளி, கட்டில். ஃப்ரேம் மொத்தம் நாசம்."

பிரஜின் சார் எங்கள் பக்கம் திரும்பினார். அவசரத்திலும் மரியாதையை விடவில்லை. தமிழிலேயே சொன்னார்.

"அண்ணாச்சிமாரே, இங்கே கிடக்கிறதெல்லாம் தூக்கணும். வேகம். ஒண்ணும் பாக்கி வைக்கக் கூடாது."

முற்றத்தின் ஓரத்தில் சுவரில் சாய்ந்து ஒரு துடைப்பம் நின்றது. எட்டுப் பேரும் அதைப் பார்த்தோம். அப்புறம் கட்டிலைப் பார்த்தோம். செல்வின் என் காதோரம் வந்தான்.

"எந்த பாஷைண்ணே?"

"சார் தமிழ்லதான பேசுதாரு" என்றேன்.

கட்டிலின் நான்கு காலுக்கு நான்கு பேர். மாற்றிப் பிடிக்க நான்கு பேர். "ஏலேலோ" என்று ஒரு மூச்சு. கட்டில் வந்துவிட்டது. மூட்டையை லிங்கம் தலையில் வைத்துக்கொண்டான். ஒன்றும் பாக்கி வைக்கக் கூடாது என்பது உத்தரவு. முற்றத்தைத் தாண்டி, தேயிலையைத் தாண்டி, ஏறிவந்த வழியே இறங்க ஆரம்பித்தோம். படம் எடுக்கிற சத்தம் ஒருதடவை கேட்டது. அதற்கப்புறம்தான் அவர்களுக்கு உறைத்தது.

"அண்ணாச்சீ! எங்கோட்டா? வண்டி ஆரு இறக்கும்? வண்டி! வண்டி!"

செல்வின் நின்று, திரும்பி, மலையெல்லாம் கேட்கும்படிக் கத்தினான்.

"தூக்கியாச்சு சார்! எவ்வளவு தூரம் கொண்டுபோகணும்?"

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. மூட்டையிலிருந்த பிளாஸ்டிக் விரிப்பை எடுத்து அக்கா மேல் போட்டோம். ரோடு இல்லாத அந்த இடத்தில் கட்டிலைத் தோளுக்கு உயர்த்திக்கொண்டு, அதே சேற்றில், அதே குழிகளில், காலையில் வைத்த அதே காலை வைத்து இறங்கினோம். விரிப்புக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது.

"லே தம்பி, குழியே தெரியலியே. நல்ல வண்டிலே இது."

"சும்மா உசத்தின வண்டி இல்லக்கா" என்றான் செல்வின்.

பிக்கப் டிரைவர் பின்பக்கக் கதவை இறக்கி, தன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கட்டிலுக்குக் கை கொடுத்தார். ஆஸ்பத்திரியில், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் காலை எடுத்திருக்க வேண்டும் என்றார்கள். எடுக்கவில்லை. எலும்பு கூடியது, கொஞ்சம் குட்டையாகக் கூடியது. இப்போது அவள் நிமிர்ந்து நின்றால் இடது குதிகால் தரையில் படாது. அந்தப் பக்கம் மட்டும் கிரவுண்ட் கிளியரன்ஸ் கூடுதல்.

ஹில்லாரா உச்சியிலேயே நின்றது. பெரியவர்கள் நாலு பேரும் மழையில் நடந்தே இறங்கினார்கள். அட்டைகளும் பழகிக்கொண்டன. கம்பெனி டிராக்டர் அனுப்பும்வரை வண்டி எங்கள் லயத்து விருந்தாளி. கூரைக் கம்பிக்கு முதல்முதலாக வேலை கிடைத்தது. பெண்கள் துணி காயப்போட்டார்கள். ஒரு கம்பி ஈரப் போர்வையின் பாரம் தாங்காமல் பெயர்ந்து வந்துவிட்டது. அதைக் கொண்டுபோய் அவரைக்கொடிக்கு ஊன்றினார்கள். அடியில் ஒரு பெட்டைக்கோழி அடை உட்கார்ந்தது. அந்த நாலு விரல்கடைக் காற்றை முழுசாக அனுபவித்த ஒரே ஜீவன் அதுதான்.

கம்பெனிக்கு இதிலும் நஷ்டமில்லை. எடுத்த படத்தைக் கழக்கூட்டம் ஹைவேயில் மூன்று மாடி உயரத்துக்கு வைத்தார்கள். 'சிகரத்திலிருந்து இறங்க மறுப்பவன்' என்று மலையாளத்தில் எழுதியிருந்தது. அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

கடைசியாக விசாரணை. கொச்சியிலிருந்து பெரிய அதிகாரி வந்திருந்தார். வட்ட மேஜை, தண்ணீர் பாட்டில், பிஸ்கட். எங்களுக்காகத் தனி ஏற்பாடு, நிற்க விட்டார்கள்.

"ஞான் பறஞ்சது கிளீன் செய்யான்!" என்றார் பிரஜின் சார், அழாத குறையாக. "தூக்கணும்னு பறஞ்சா அடிச்சு வாரணும்னு இவர்க்கு அறியாம், நல்லா தெரியும்!"

"சார் எங்ககிட்ட தமிழ்ல பேசினாரு" என்றேன். "தமிழ்ல தூக்குன்னா தூக்கறதுதான் சார். முதல்நாள் நாங்க வண்டியைத் தூக்கினப்போ யாரும் தப்புன்னு சொல்லலியே. பனியன்லா குடுத்தீங்க."

பெரிய அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. நியாயமான மனிதர். இரண்டு பாஷையும் அறிந்த ஒருவரைக் கேட்டுவிடலாம் என்றார். நாலு பாஷை அறிந்தவர் பக்கத்திலேயே மகனோடு உட்கார்ந்திருந்தார், வண்டிக்கு நஷ்டஈடு விஷயமாக. பஞ்சாபகேசன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். தமிழர். எங்கள் பாஷைக்காரர். எனக்கு ஒரு நிமிஷம் நெஞ்சில் ஈரம் தட்டியது.

"ரெண்டு அர்த்தமும் சரிதான்" என்று ஆரம்பித்தார். "ஆனா, எதைத் தூக்கறோம்கறதைப் பொறுத்துன்னா அர்த்தம் பண்ணணும். வண்டின்னா, தமிழ். உசத்தணும். இவாளோட கட்டில், சுள்ளி, சருகு இதுகள்னா, மலையாளம். பெருக்கித் தள்ளணும். இதிலே சந்தேகப்பட என்ன இருக்கு?"

சாட்சரதை வகுப்பில் எனக்கு இந்த இலக்கணத்தைச் சொல்லித்தரவில்லை. எழுத்து மட்டும்தான் தந்தார்கள். அவ்வளவு தெளிவாக ஒரு பாடத்தை அதற்கு முன்பும் பின்பும் நான் கேட்டதில்லை. பெரிய அதிகாரி தலையை ஆட்டினார். பிரஜின் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பனியன்களைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

அன்றைக்கே எங்கள் எட்டுப் பேரையும் தூக்கினார்கள். எந்தப் பாஷையில் என்று உங்களுக்கே தெரியும்.